மரப் பேனாவுக்கு எந்த மெருகு?

என் மேசை இழுப்பறையில் ஒரு மரப் பேனா இருக்கிறது. பார்வைக்கு அழகானது, கண்ணாடிபோல் மின்னுவது. ஆனால் அதன் ஒரு முனையிலிருந்து நடுப்பகுதி வரை மயிரிழை போன்ற விரிசல் ஒன்று ஓடுகிறது. அந்த விரிசல் ஏன் வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

எங்கள் வீட்டு முற்றத்தில் என் பாட்டனார் நட்ட வேம்பு ஒன்று நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் அடித்த புயற்காற்றில் அது சாய்ந்துவிட்டது. கிளைகள் விறகாயின. அடிமரத்திலிருந்து கட்டை ஒன்றை மட்டும் என் தந்தையார் பத்திரமாக எடுத்து வைத்தார். அதிலிருந்து ஒரு பேனா கடைந்து தரச் சொல்லிக் கடைசல் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். "என்ன மெருகு போடட்டும்?" என்று கேட்டார் பட்டறைக்காரர். "கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் போதும்" என்றேன். இயற்பியல் கற்பிக்கும் ஒருவன் சொல்லக் கூடாத விடை அது என்பது பிறகுதான் புரிந்தது. கார்த்திகை மழையில் கைக்கு வந்த பேனா, பங்குனி வெயிலில் விரிசல் விட்டுவிட்டது.

கட்டையில் இன்னும் ஒரே ஒரு பேனாவுக்குத் தேவையான துண்டு மீதமிருக்கிறது. இம்முறை தவறு நேரக் கூடாது. ஆகவே பட்டறைக்காரரின் கேள்வியையே நாம் மீண்டும் எடுத்துக் கொள்வோம்: மரப் பேனாவுக்கு எந்த மெருகு ஏற்றது? இந்தச் சிறிய கேள்விக்கு மனிதன் பல நூற்றாண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறான்.

மரத்தினுள் நீர்

மரத்தை நாம் கெட்டியான பொருள் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு. செல்லுலோசும் லிக்னினும் சேர்ந்த சுவர்கள், நடுவே வெற்றிடம். நீர் இவ்விரண்டு இடங்களிலும் தங்குகிறது. குழலின் உள்ளே தங்குவது தளையற்ற நீர். சுவரின் மூலக்கூறுகளோடு ஒட்டிக் கொண்டிருப்பது பிணைப்பு நீர்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் முக்கியத்துவத்தை 1906ஆம் ஆண்டில் அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த ஹாரி டீமன் எடுத்துக் காட்டினார். பச்சை மரம் உலரும்போது முதலில் குழல்களிலுள்ள நீர் வெளியேறுகிறது. அப்போது மரத்தின் பருமன் மாறுவதில்லை. குழல்கள் காலியாகி, சுவர்களில் மட்டும் நீர் நிறைந்து நிற்கும் நிலை ஒன்று வருகிறது. இதனை இழைச் செறிவுநிலை என்பர். பெரும்பாலான மரங்களில் இது, மரத்தின் உலர்ந்த எடையில் 28 முதல் 30 விழுக்காடு நீர் இருக்கும் நிலையாகும். இதற்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. ஈரம் மீண்டும் ஏறினால் வீங்குகிறது.

சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் நிகழ்வதும் இல்லை. பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும் வரையில், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 8 விழுக்காடு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் 4 விழுக்காடு, நீளவாக்கிலோ 0.1 முதல் 0.2 விழுக்காடுதான். மரத்துக்கு மரம் இந்த எண்கள் மாறினாலும் வரிசை மாறுவதில்லை.

இப்போது பேனாவுக்கு வருவோம். கடைந்த மரப் பேனா என்பது பெரும்பாலும் ஒரு பித்தளைக் குழாயின் மேல் ஒட்டிய மெல்லிய மர உறைதான். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடாக உள்ள மழைக்காலத்தில் மரம் தன் எடையில் 15 விழுக்காடு அளவுக்கு நீரை வைத்திருக்கும். ஈரப்பதம் 40 விழுக்காடாகக் குறைந்தால் அந்த நீர் 8 விழுக்காட்டுக்கு இறங்கும். நீரில் 7 விழுக்காடு வேறுபாடு. குறுக்குவாக்கில், ஒவ்வொரு விழுக்காடு நீருக்கும் சராசரியாக 0.2 விழுக்காடு சுருக்கம் என்று கொண்டால் மொத்தம் 1.4 விழுக்காடு. பேனாவின் விட்டம் 12 மில்லிமீட்டர் எனில் சுற்றளவு ஏறக்குறைய 38 மில்லிமீட்டர். அதில் 1.4 விழுக்காடு என்பது அரை மில்லிமீட்டர்.

மர உறை தன் சுற்றளவில் அரை மில்லிமீட்டர் சுருங்க விரும்புகிறது. உள்ளே இருக்கும் பித்தளையோ ஈரத்தைப் பொருட்படுத்துவதில்லை. வெப்பநிலை 20 டிகிரி மாறினாலும் அதன் அளவில் 0.04 விழுக்காடுதான் மாற்றம். இந்த இழுபறியில் தோற்பது மரம்தான். என் பேனாவில் உள்ள விரிசல் இதன் சாட்சி.

ஆகவே மெருகு என்பது வெறும் பளபளப்பு பற்றிய பேச்சு அல்ல. அது மரத்துக்கும் காற்றிலுள்ள ஈரத்துக்கும் இடையே நாம் செய்து வைக்கும் ஓர் உடன்படிக்கை. ஒவ்வொரு மெருகும் அந்த உடன்படிக்கையை ஒவ்வொரு விதமாக எழுதுகிறது.

அரக்கின் கதை

பாரதக் கதையில் வரும் அரக்கு மாளிகையை நீங்கள் அறிவீர்கள். அந்த அரக்கு, புரசு, பூவம், இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டி வாழும் நுண்பூச்சி ஒன்று சுரப்பது. பூச்சிகள் தம்மைக் காத்துக் கொள்ளக் கட்டிக் கொள்ளும் கூட்டை மனிதன் சுரண்டி எடுத்து, உருக்கி, வடித்துத் தன் பொருள்களைக் காக்கப் பயன்படுத்தினான். உலக அரக்கு உற்பத்தியில் இந்தியா நெடுங்காலமாக முன்னணியில் உள்ளது. 1924ஆம் ஆண்டிலேயே ராஞ்சிக்கு அருகில் அரக்குக்கென்று தனி ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

கடைசல் வேலையில் அரக்கை இந்தியர் பயன்படுத்திய விதத்தை ஐரோப்பியருக்கு எடுத்துச் சொன்னவர்களுள் ஒருவர் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர். 1583 முதல் சில ஆண்டுகள் கோவாவில் தங்கியிருந்த அவர், தம் பயண நூலை 1596இல் வெளியிட்டார். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார்கள். உராய்வால் எழும் வெப்பத்தில் அரக்கு இளகி மரத்தில் படிந்து பளபளக்கிறது என்னும் செய்தி அதில் இடம்பெற்றது.

இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. கர்நாடகத்தில் சன்னபட்டணத்திலும், நம் அம்பாசமுத்திரத்திலும் சிறுமியர் விளையாடும் மரச் செப்புச் சாமான்கள் இவ்வாறே மெருகு பெறுகின்றன. நிறமூட்டிய அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் வைத்து அழுத்துவர். சன்னபட்டணத்தில் அதன் மேல் தாழை ஓலையை வைத்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவதும் உண்டு. அடுப்பு இல்லை, தூரிகை இல்லை, கரைப்பான் இல்லை. இயக்க ஆற்றல் உராய்வினால் வெப்பமாக மாறுகிறது, ஏறத்தாழ 70 டிகிரி செல்சியசில் அரக்கு இளகுகிறது, ஆறியதும் இறுகுகிறது. ஆற்றல் மாற்றத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை எந்தப் பாடநூலில் காண முடியும்?

ஐரோப்பியர் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பஞ்சு உருண்டையால் மெல்லிய படலங்களாகப் பூசினர். 19ஆம் நூற்றாண்டில் புகழ் பெற்ற பிரெஞ்சு பாலிஷ் இதுவே. பேனா கடைவோர் இன்று பயன்படுத்தும் 'உராய்வு மெருகு' என்பது சாராயத்தில் கரைத்த அரக்கோடு மெழுகோ எண்ணெயோ சேர்ந்த கலவை. அதைத் துணியில் தொட்டுச் சுழலும் பேனாவில் அழுத்துகிறார்கள். லின்ஸ்கோட்டன் காலத்து உத்தியின் வழித்தோன்றலே இது.

அரக்கு விரைவில் உலரும். அழகான இளஞ்சூடான நிறம் தரும். பழுதானால் மேலே பூசிச் சரி செய்யலாம். ஆனால் எந்தச் சாராயத்தில் கரைந்து வந்ததோ அதே சாராயத்தில் மீண்டும் கரையும். 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது கை தூய்மைக்காக நாம் பயன்படுத்திய கிருமிநாசினித் திரவங்கள் பெரும்பாலும் சாராயம் கலந்தவை. அதைத் தடவிய ஈரக் கையோடு அரக்கு மெருகிட்ட பேனாவைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெயும் மெழுகும்

ஆளிவிதை எண்ணெய் போன்ற சில எண்ணெய்கள் 'உலரும்' எண்ணெய்கள். நீர் உலர்வதுபோல் அவை ஆவியாகிப் போவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகின்றன. இவ்வினையில் வெப்பம் வெளிப்படும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தால் அது தானாகவே தீப்பற்றக் கூடும். எண்ணெய் மெருகு இடுவோர் துணியை விரித்து உலர வைப்பது இதனால்தான்.

எண்ணெய் மரத்தின் நிறத்தை எடுப்பாக்கும். தொட்டால் மரத்தைத் தொடும் உணர்வே இருக்கும். ஆனால் அது ஈரத்தைத் தடுக்குமா? அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 1910இல் தொடங்கப்பட்ட வனப்பொருள் ஆய்வுக்கூடம் இதனை அளந்து பார்த்தது. 1985ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தொண்ணூறுக்கு மேற்பட்ட பூச்சு வகைகளைப் பைன் மரத் துண்டுகளில் பூசி, 90 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் வைத்து, எடை ஏறுவதைக் கணக்கிட்டார்கள்.

முடிவு பலரையும் திகைக்க வைப்பது. ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை பூசிய துண்டும், மேசை நாற்காலிக்குப் பூசும் மெழுகை மூன்று முறை பூசிய துண்டும், இரண்டு வாரங்களில் எதுவுமே பூசாத துண்டைப் போலவே ஈரத்தை உறிஞ்சியிருந்தன. அரக்கு முதல் நாளில் நன்றாகத் தடுத்தது. நாள் செல்லச் செல்லத் தளர்ந்தது. உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுத்த துண்டுதான் எல்லாவற்றையும் விட நன்றாகத் தாங்கியது. அதுவும் நூற்றுக்கு நூறு அல்ல.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? மேற்பூச்சு எதுவும் ஈரத்தை என்றென்றைக்கும் நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. மழைக்காலம் முழுவதும் தொடர்ந்து ஈரமாக இருக்கும் ஊரில் அந்தத் தாமதம் போதாமற் போகலாம்.

ஈரத்தால் இறுகும் பூச்சுகள்

ஈரம் மரத்துக்குப் பகை என்றோம். ஆனால் ஈரத்தையே துணையாகக் கொண்டு இறுகும் பூச்சுகளும் உண்டு. அவற்றுள் இரண்டு பேனாவோடு தொடர்புடையவை.

ஒன்று, ஜப்பானியரின் உருஷி. இது ஒரு மரத்தின் பால். இதனை வெயிலில் வைத்தால் சரியாகக் காயாது. ஏறத்தாழ 70 முதல் 85 விழுக்காடு ஈரப்பதமுள்ள அலமாரிக்குள் வைத்தால்தான் இறுகும். மரப்பாலில் உள்ள நொதி ஒன்றே இதற்குக் காரணம் என்பதை 1883இல் ஹிகோரோகுரோ யோஷிதா என்ற ஜப்பானிய வேதியியலறிஞர் கண்டறிந்தார். ஈரம் இருந்தால்தான் அந்த நொதி வேலை செய்யும். இறுகிய உருஷியை அமிலமும் சாராயமும் எளிதில் அசைக்க முடியாது. 1920களில் ஜப்பானின் நாமிகி நிறுவனம், எபோனைட் பேனாக்களின் நிறம் மங்காதிருக்க உருஷியைப் பூசியது. ஆனால் இறுகாத உருஷி தோலில் பட்டால் கடும் தடிப்பை உண்டாக்கும். பொறுமையும் பயிற்சியும் உள்ளவர்களுக்கே உரிய கலை அது.

மற்றொன்று உங்கள் வீட்டிலேயே இருப்பது. உடைந்த பொம்மையை நொடியில் ஒட்டும் பசைதான் அது. அதன் வேதியியற் பெயர் சயனோஅக்ரிலேட். 1942ஆம் ஆண்டு, உலகப் போரின்போது, துப்பாக்கிகளின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக் கொண்டிருந்தார் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தின் ஹாரி கூவர். இந்தப் பொருள் தொட்ட இடமெல்லாம் ஒட்டிக் கொண்டது. உதவாது என்று ஒதுக்கி வைத்தார்.

1951இல் அதே நிறுவனத்தில் ஜெட் விமானங்களின் கண்ணாடி விதானத்துக்காக வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கைத் தேடினார்கள். கூவரின் குழுவிலிருந்த பிரெட் ஜாய்னர், இப்பொருளின் ஒளிவிலகல் எண்ணை அளப்பதற்காக ஒளிவிலகல்மானியின் இரு முப்பட்டகங்களுக்கு இடையே ஒரு துளியை வைத்தார். அளந்து முடிந்தபின் முப்பட்டகங்கள் பிரிய மறுத்தன! விலையுயர்ந்த கருவி கெட்டது. ஆனால் ஒரு புதிய பசை பிறந்தது. 1958இல் அது விற்பனைக்கு வந்தது. காற்றிலும், ஒட்டும் பரப்பிலும் உள்ள அணுவளவு ஈரமே இதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்து இறுகச் செய்கிறது.

இதனை மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் பேனாவில் தடவி, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவதே இன்று பேனா கடைவோரிடையே பெருவழக்காக உள்ள முறை. கண்ணாடி போன்ற கெட்டியான உறை கிடைக்கிறது. சாராயம் இதைக் கரைப்பதில்லை.

ஒளிவிலகல்மானியைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெருகிட்டவுடன் மரத்தின் நிறம் ஆழ்ந்து தெரிகிறதே, ஏன்? கரடான மரப்பரப்பில் காற்றும் மர இழையும் மாறி மாறி வருகின்றன. காற்றின் ஒளிவிலகல் எண் 1; மர இழையினுடையது ஏறத்தாழ 1.5. இந்த வேறுபாட்டால் ஒளி நாலாபுறமும் சிதறி, பரப்பு வெளிறித் தெரிகிறது. மெருகுப் பொருளின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ 1.5தான். அது காற்றிருந்த பள்ளங்களை நிரப்பியதும் சிதறல் குறைகிறது. ஒளி உள்ளே சென்று மரத்தின் நிறத்தோடு திரும்புகிறது. நனைந்த துணி கருத்துத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

உள்ளிருந்து ஒரு காப்பு

இதுவரை கண்டவை அனைத்தும் வெளியே இடும் வேலிகள். வேலிக்குப் பதில், வீட்டின் உள்ளேயே இடமில்லாமல் செய்துவிட்டால் என்ன? இந்த எண்ணத்தை அறிவியலாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர், முன்சொன்ன மேடிசன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஸ்டாம்.

1930களில் அவரும் உடன் ஆய்வாளர் செபோர்கும், நீரில் கரையும் பீனாலிக் பிசினின் சிறு மூலக்கூறுகளை மரத்துக்குள் ஊறச் செய்து, பின் சூடாக்கி இறுக வைத்தார்கள். சிறிய மூலக்கூறுகள் ஆதலால் அவை குழல்களோடு நில்லாமல் சுவர்களுக்குள்ளேயே புகுந்தன. பிணைப்பு நீர் உட்கார வேண்டிய இடத்தில் பிசின் உட்கார்ந்து கொண்டது. மரத்தின் வீக்கமும் சுருக்கமும் பெருமளவு குறைந்தன. இவ்வாறு செய்த மரத்துக்கு 'இம்ப்ரெக்' என்றும், அதனையே அழுத்தி இறுக்கியதற்குக் 'காம்ப்ரெக்' என்றும் பெயர். விமானச் சுழல்விசிறிகளுக்கும் கத்திப் பிடிகளுக்கும் இத்தகைய மரம் பயன்பட்டது.

இதே தத்துவம் ஒரு கப்பலையும் காத்தது. 1628இல் தன் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய 'வாசா' என்ற சுவீடனின் போர்க்கப்பலை 1961இல் மேலே கொணர்ந்தார்கள். முந்நூற்று முப்பத்து மூன்று ஆண்டுகள் நீரில் ஊறிய மரம் அப்படியே உலர்ந்தால் சுருங்கிச் சிதைந்துவிடும். ஆகவே பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற பொருளைக் கரைசலாக 1962 முதல் 1979 வரை பதினேழு ஆண்டுகள் அதன்மேல் தெளித்தார்கள். நீர் வெளியேற வெளியேற, அதன் இடத்தை இப்பொருள் பிடித்துக் கொண்டது.

1960களில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில், அணுசக்தி ஆணையத்தின் ஆதரவோடு வேறொரு வழி முயலப்பட்டது. மெத்தில் மெதாக்ரிலேட் போன்ற திரவங்களை மரத்தில் ஊறச் செய்து, காமாக் கதிர்களால் இறுக வைத்தார்கள். பின்னர் கதிர்களுக்குப் பதிலாக வினையூக்கியும் வெப்பமும் போதும் என்றாயிற்று. இன்று பேனாக்களுக்குப் பயன்படும் 'நிலைப்படுத்திய மரம்' இந்த மரபில் வந்தது.

செய்முறை எளிது, ஆனால் ஒவ்வொரு படியிலும் இயற்பியல் உண்டு. முதலில் மரத்தைச் சூளையில் முற்றிலும் உலர்த்த வேண்டும். பின் பிசினில் அமிழ்த்தி, மூடிய கலத்தில் வெற்றிடப் பம்பால் காற்றை இழுக்க வேண்டும். குழல்களிலுள்ள காற்று குமிழிகளாக வெளியேறும். மரத்தில் ஈரம் மீதமிருந்தால், குறைந்த அழுத்தத்தில் அந்த நீரும் ஆவியாகிக் குமிழியிட்டுக் கொண்டே இருக்கும். பிசினுக்கு இடம் தராது. குமிழிகள் நின்றபின் காற்றை உள்ளே விட்டால், வளிமண்டல அழுத்தம் பிசினைக் காலியான குழல்களுக்குள் தள்ளும். சில மணி நேரம் ஊறவிட்டு, ஏறத்தாழ 90 டிகிரி செல்சியசில் சூடாக்கினால் பிசின் இறுகிவிடும்.

எவ்வளவு பிசின் உட்செல்ல இடமிருக்கிறது? கணக்கிட்டுப் பார்க்கலாம். மரச் சுவரின் அடர்த்தி எல்லா மரங்களிலும் ஏறத்தாழ ஒன்றே: ஒரு கன செ.மீ.க்கு 1.5 கிராம். என் வேப்பந்துண்டு 13 செ.மீ. நீளமும், 1.8 செ.மீ. அகலமும், 1.8 செ.மீ. கனமும் உடையது. கன அளவு 42 கன செ.மீ. உலர்த்தி நிறுத்தபோது 29.5 கிராம். ஆக அடர்த்தி 0.7. இதனை 1.5ஆல் வகுத்தால் 0.47. அதாவது துண்டில் 47 விழுக்காடுதான் மரம். மீதி 53 விழுக்காடு, சுமார் 22 கன செ.மீ., வெற்றிடம்! கெட்டி மரம் என்று நாம் கையில் பிடித்திருப்பதில் பாதிக்கு மேல் காற்றுதான்.

ஆனால் இடம் இருப்பது வேறு. வழி இருப்பது வேறு. 'வைரம் பாய்ந்த கட்டை' என்று நம் தச்சர்கள் சொல்வார்கள் அல்லவா? மரம் முதிரும்போது தன் உட்பகுதியின் குழல்களைப் பிசின் போன்ற பொருள்களால் தானே அடைத்துக் கொள்கிறது. சுவர்களிலும் அவை படிகின்றன. வைரம் என்பது இயற்கை செய்துவைத்த நிலைப்படுத்தல் எனலாம். அத்தகைய பகுதிக்குள் நம் பிசின் எளிதில் நுழையாது. மென்மையான மரங்களும், பூஞ்சை படர்ந்து உளுத்துப் போகத் தொடங்கிய மரங்களும்தான் பிசினை வேண்டிய மட்டும் குடிக்கின்றன. வீணென்று எறியத்தக்க கட்டை, பிசின் ஏறியபின் கல்போல் ஆகிவிடுகிறது.

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டாமின் பீனாலிக் பிசின் சுவர்களுக்குள் புகுந்தது. பேனாக்காரர்களின் மெதாக்ரிலேட் பிசினோ பெரும்பாலும் குழல்களை மட்டுமே நிரப்புகிறது. சுவர்கள் இன்னும் ஈரத்தை ஏற்க வல்லவையே. வழி அடைபட்டதால் ஈரம் மிக மெதுவாகவே வந்து போகிறது. ஆக, 'நிலைப்படுத்திய மரம்' என்பது அசையவே அசையாத மரம் அன்று. மிகச் சோம்பலாக அசையும் மரம்.

அப்படியானால் மெருகு தேவையா?

இப்போது நம் கேள்விக்கு விடை சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோம். நிலைப்படுத்திய மரத்துக்கு எந்த மெருகு?

எண்ணெய் பொருந்தாது. எண்ணெய் ஊறுவதற்கான இடத்தில் பிசின் அமர்ந்திருக்கிறது. பூசிய எண்ணெய் மேலேயே நின்று பிசுபிசுக்கும்.

பிசின் நன்றாக ஏறிய துண்டு எனில், தனியாக மெருகே இல்லாமலும் விடலாம். உப்புத்தாளைக் கரடிலிருந்து மென்மைக்குப் படிப்படியாக மாற்றித் தேய்த்து, முடிவில் மெருகுக் களிம்பால் துடைத்தால் பிசினே பளபளக்கும். கைக்கு மரத்தின் உணர்வும் கிட்டும். எப்போதாவது பயன்படுத்தும் பேனாவுக்கு அரக்கு போதும். மங்கினால் ஐந்து நிமிடத்தில் புதுப்பிக்கலாம்.

நாள்தோறும் வியர்வைக் கையில் புழங்கும் பேனாவுக்கு, அதுவும் பிசின் சீராக ஏறாத துண்டுக்கு, சயனோஅக்ரிலேட் படலமே தகுந்தது. ஆனால் மூன்று எச்சரிக்கைகள். மரம் ஈரமாக இருக்கும்போது பூசினால் படலம் வெளுத்து மங்கும். காற்றோட்டமுள்ள இடத்தில், கண்ணுக்குக் காப்பு அணிந்தே பூச வேண்டும். பருத்தித் துணியில் இத்திரவம் மிகுதியாகப் பட்டால் சுடும் அளவுக்குச் சூடேறும். மூன்றாவது, பலரும் மறப்பது: முனைகள். மரக்குழல்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றின் திறந்த வாய்கள் பேனாவின் இரு முனைகளிலும்தான் இருக்கின்றன. பக்கங்களைவிட அவ்வழியே ஈரம் பன்மடங்கு விரைவாகச் செல்லும். பக்கங்களுக்குக் கண்ணாடி உறை இட்டு, முனைகளைத் திறந்து விடுவது, முன்கதவைப் பூட்டிவிட்டுப் புழக்கடையைத் திறந்து வைப்பது போலாகும். நீர் தொட்டு உப்புத்தாள் தேய்ப்பவர்கள் முனைகளை முதலிலேயே அடைத்துவிட வேண்டும்.

என் பழைய பேனாவை உருப்பெருக்கியால் பார்த்தேன். பக்கமெல்லாம் பளபளப்பு. முனைகளிலோ வெறும் மரம். விரிசல் தொடங்கியது அங்கேதான். அரைகுறையாக உலர்ந்த மரத்தைக் கொடுத்தவனும் நானே; பளபளப்பை மட்டும் கேட்டவனும் நானே. பட்டறைக்காரர் கேட்டதைக் கொடுத்தார்.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவர்களே, இதற்குப் பேனா கடைய வேண்டியதில்லை. ஒரே மரத்திலிருந்து ஒரே அளவில் நான்கு சிறு துண்டுகளை அறுத்துக் கொள்ளுங்கள். சில நாள் வெயிலில் உலர்த்துங்கள். ஒன்றுக்கு எதுவும் பூசாதீர்கள். ஒன்றுக்கு ஆளிவிதை எண்ணெய், ஒன்றுக்கு அரக்கு, ஒன்றை உருக்கிய மெழுகுவர்த்தி மெழுகில் முக்கி எடுங்கள். பூச்சுகள் நன்கு காய்ந்தபின் கல்லூரித் தராசில் நிறுங்கள். மூடிய டப்பாவில், சிறிது நீருக்கு மேல், நீர் படாதவாறு ஒரு தட்டில் வையுங்கள். நாள்தோறும் நிறுத்து வரைபடம் வரையுங்கள். எந்தக் கோடு விரைவாக ஏறுகிறது, எது தயங்கி ஏறுகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். மேடிசன் ஆய்வுக்கூடத்தார் செய்ததும் அடிப்படையில் இதுவே.

என் வேப்பந்துண்டு இப்போது ஆய்வுக்கூடச் சூளையில் இருக்கிறது. இரண்டு நாளாக எடை மாறவில்லை. முற்றிலும் உலர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்து வெற்றிடக் கலம், பின்பு பிசின், பின்பு கடைசல், முனைகள் உட்பட மெல்லிய சயனோஅக்ரிலேட் படலம். துண்டில் பாதி வைரம் ஆதலால் பிசின் முழுவதும் ஏறாது என்பது தெரியும். எவ்வளவு ஏறியது என்பதைத் தராசு சொல்லும்.

பழைய பேனாவின் விரிசலை நான் அடைக்கவில்லை. ஒவ்வொரு பங்குனியிலும் அது சற்றே விரிகிறது. ஐப்பசியில் ஏறக்குறைய மூடிக் கொள்கிறது. வெட்டிப் பல ஆண்டுகள் ஆன பின்னும், பாட்டனார் நட்ட வேம்பு மழையையும் வெயிலையும் மறக்கவில்லை. வகுப்பில் ஈரப்பதம் பற்றிப் பாடம் நடத்தும்போது அதைத்தான் கையில் எடுத்துச் செல்கிறேன்.